ஒழுங்கைக்குள் கடை வருமுன் எங்களையும் கேளுங்கள்

கொழும்பு மாநகர சபையில் வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை வட்டாரங்களுக்காக அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு,



2025 மே 6ஆம் திகதி இந்த வட்டாரங்களின் மக்கள் உங்களைத் தெரிவு செய்தார்கள். 117 பேர் கொண்ட சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜூன் 16ஆம் திகதி மேயரைத் தெரிவு செய்வதற்கே வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. இப்படியான சபையில் ஒவ்வோர் உறுப்பினரின் சொல்லுக்கும் பெறுமதி கூடும். கட்சி பார்க்காமல் அந்தப் பெறுமதியை ஒரு காரியத்துக்குச் செலவிடும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கைகளில் குடியிருந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாபார இடங்களாக மாறுகின்றன. காலி வீதியில் கடைகள் இருப்பது பற்றி எவருக்கும் முறைப்பாடு இல்லை. அது கடைத்தெருவாகவே வளர்ந்த வீதி. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியும் அப்படித்தான். நான் சொல்வது அந்த வீதிகளிலிருந்து கிளைவிட்டுப் போகும் ஒழுங்கைகளைப் பற்றி. எதிரே ஒரு வான் வந்தால் முச்சக்கரவண்டி பின்னுக்கு எடுக்க வேண்டிய ஒழுங்கைகள் அவை. அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கியவரோ வாடகைக்கு எடுத்தவரோ முன் மதிலை உடைக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிய வருகிறது. வரப்போவது உணவகமா, விருந்து மண்டபமா, பொருள் களஞ்சியமா, இரத்தப் பரிசோதனை நிலையமா என்பதை மேசனிடம் விசாரித்துத்தான் அறிகிறோம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஓர் ஆசிரியத் தம்பதி இருந்தார்கள். அவர்கள் காலமானதும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே தரகர் மூலம் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வந்தவர்கள் அங்கே பெரிய அளவில் சமைத்து வெளியே அனுப்பும் சமையற்கூடம் நடத்துகிறார்கள். பழைய விறாந்தையில் வெங்காய மூட்டைகள். புகையையும் எண்ணெய் ஆவியையும் இழுத்து வெளியே தள்ளும் தகரக் குழாய் மதிலுக்கு மேலே வந்து, எங்கள் குசினி யன்னலுக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. குழாய்க்குக் கீழே மதிலில் மண்ணிற எண்ணெய்க் கோடு ஒன்று இறங்கியிருக்கிறது. கழுவினாலும் அது மறுபடி வரும். இரு வீட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடந்துபோகும் சந்தில் எரிவாயு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு அனர்த்தம் நடந்தால் நாங்கள் பின்பக்கமாக வெளியேற இருக்கும் வழி அந்தச் சந்து ஒன்றுதான்.

அதை நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உழைத்துப் பிழைக்கிற குடும்பம். அங்கே வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளின் சம்பளம் எத்தனையோ லயன் வீடுகளுக்குப் போகிறது. ஆனால் சிலிண்டரைப் பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வியாபார அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறார்கள், பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. வேறோர் அலுவலகத்தில், வீட்டில் ஒரு செங்கல்லும் மாறவில்லையே, புதிதாகக் கட்டினால்தானே அனுமதி வேண்டும் என்றார்கள்.

இந்த இரண்டு பதில்களும் சட்டத்துக்குப் பொருந்தாதவை. இவற்றைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீடு திரும்பியவர்கள் உங்கள் வட்டாரங்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் கொழும்பு முழுவதற்கும் பொருந்தும். அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் அபிவிருத்தி நடவடிக்கை எதையும் செய்யக்கூடாது என்கிறது அது. கட்டடம் எழுப்புவதும் காணி பிரிப்பதும் மட்டுமல்ல, காணியையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் நோக்கம் மாறுவதும் அபிவிருத்தி நடவடிக்கைதான் என்று அதே சட்டத்தின் வரைவிலக்கணம் சொல்கிறது. வீடாக இருந்தது சமையற்கூடமாக மாறினால், ஒரு செங்கல்லும் அசையாவிட்டாலும், அனுமதி எடுக்க வேண்டும். விவசாயத்துக்கும் தோட்டச் செய்கைக்கும் விலக்கு உண்டு. வீட்டு வளவுக்குள், வீட்டு வாழ்க்கையோடு ஒட்டியதாகச் செய்யும் காரியங்களுக்கும் விலக்கு உண்டு. இந்தக் கடைசி விலக்கு முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அனுமதி இல்லாமல் நோக்கத்தை மாற்றினால் என்ன செய்வது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. 28அ பிரிவின் கீழ் அதிகார சபை எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். நிறுத்தச் சொல்லலாம், முன்பிருந்த நிலைக்குத் திருப்பச் சொல்லலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளை பெறலாம். இந்த அதிகாரங்களில் ஒரு பகுதியை அதிகார சபை உள்ளூராட்சி மன்றங்களிடம் கையளித்திருக்கிறது. ஆகவே சாதாரண வீடுகளின் விஷயம் பெரும்பாலும் உங்கள் மாநகர சபையின் மேசைக்கே வருகிறது.

வியாபார அனுமதிப்பத்திரம் முற்றிலும் வேறு விஷயம். அது வியாபாரத்தின் சுத்தத்தையும் வருமானத்தையும் பற்றியது. இந்த இடத்தில் இந்த வியாபாரம் இருக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. மதிப்பீட்டு வரியை வியாபார வீதத்தில் கட்டுவதும் அப்படியே. வரிச் சிட்டையைக் காட்டி, சபையே எங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வரி வாங்குகிற பிரிவும் அனுமதி கொடுக்கிற பிரிவும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. ஒரு வீட்டின் வரி வீடு என்பதிலிருந்து வியாபாரம் என்று மாறிய அன்றே, நோக்கமாற்றத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ஓர் அலுவலர் கேட்டிருந்தால் இந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி எழுந்திராது. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். உங்கள் சபையின் ஒரு தீர்மானம் போதும்.

இனி வலயங்களுக்கு வருகிறேன். கொழும்புக்கு 1985இலும் 1999இலும் அபிவிருத்தித் திட்டங்கள் வந்தன, 2008இல் திருத்தம் வந்தது, இப்போது 2019 தொடக்கம் 2030 வரைக்குமான வர்த்தக நகரத் திட்டம் இருக்கிறது. 2021 ஜூலையில் கட்டட ஒழுங்குவிதிகளையும் புதிதாக வர்த்தமானியில் வெளியிட்டார்கள். கறுவாத்தோட்டப் பக்கத்துக்கு விசேட வதிவிட வலயம் என்ற காப்பு நெடுங்காலம் கிடைத்து வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக்குக் கிடைத்த சொல் கலப்பு அபிவிருத்தி. கலப்பு என்றால் எதையும் எங்கும் செய்யலாம் என்று தரகர்கள் விளங்கப்படுத்துகிறார்கள். அப்படியில்லை. கலப்பு வலயத்திலும் நோக்கமாற்றத்துக்கு அனுமதி வேண்டும். வீதியின் அகலத்தைப் பார்க்க வேண்டும், வாகனம் நிறுத்த இடம் காட்ட வேண்டும், கழிவுநீர் எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். இந்த நகரின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. ஐந்து பேர் குடியிருந்த வீட்டுக்குப் போட்ட குழாயில் ஐந்நூறு பேருக்குச் சமைத்த பாத்திரங்களின் எண்ணெய் இறங்கினால், மழை பெய்யும் நாளில் அது எந்த வீட்டு முற்றத்தில் பொங்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பின் வசதி படைத்தோர் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கங்களில்தான் பெரிய வளவுகளில் வாழ்ந்தார்கள். 1875இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டி, 1885இல் அதைக் கட்டி முடித்தார்கள். கப்பல் பெருகியது. நிலக்கரித் தூசியும் மாட்டுவண்டிகளும் பண்டகசாலைகளும் வந்தன. வசதியுள்ளவர்கள் கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர, அவர்கள் விட்டுப்போன மாளிகைகள் களஞ்சியங்களாயின. மிஞ்சிய இடத்தில் தோட்டம் தோட்டமாக ஏழைகள் நெருங்கி வாழ்ந்தார்கள். வீட்டு நெருக்கத்தைப் பற்றிய முதல் பெரிய சட்டம், வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1915இல் வந்தது. 1921இல் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் வந்து கொழும்பைத் தோட்ட நகரமாக்கத் திட்டம் எழுதினார். அவருடைய கனவின் நிழல் மரங்கள் எந்தப் பக்கம் விழுந்தன என்பதைக் கறுவாத்தோட்டத்திலும் ஜிந்துப்பிட்டியிலும் நடந்து பார்த்தால் தெரியும்.

இன்றும் புறக்கோட்டை வியாபாரிகளுக்குச் சரக்கு அடுக்க இடம் வேண்டும். துறைமுகத்துக்கு அருகே இருப்பது கொட்டாஞ்சேனைதான். கீழ்மாடியில் துணிச் சிப்பங்களும் பிளாஸ்டிக் சாமான்களும் கூரை வரை நிற்க, மேல்மாடியில் ஒரு குடும்பம் பிள்ளை குட்டியோடு தூங்கும் வீடுகள் அங்கே இருக்கின்றன. படிக்கட்டு ஒன்றுதான். ப்ளூமெண்டால் குப்பைமேட்டுக்கு அருகே பல ஆண்டுகள் வாழ்ந்த மக்களுக்கு, எந்தப் பாவனைக்கு எந்த இடம் என்பதை யாரோ எங்கோ தீர்மானிக்கிறார்கள் என்பது அனுபவத்தில் தெரியும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தீர்மானித்ததாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே குடியிருப்புப் பகுதியில் வியாபாரமே கூடாது என்று கேட்கிறேனா? இல்லை. அப்படிக் கேட்கும் உரிமை எங்கள் தமிழ்ச் சமூகத்துக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் போர்க்காலத்தில் எங்களைத் தாங்கியது எப்படி? வீடுகளை லொட்ஜுகளாக மாற்றிய மனிதர்களால். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள், கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள், வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்காகவே வந்து தங்கிய தாய்மார், சத்திரசிகிச்சைக்கு வந்த கிழவர்கள் எல்லோரும் அந்தச் சிறிய அறைகளில் இருந்தார்கள். வலயச் சட்டத்தின் கண்ணில் பார்த்தால் அவற்றில் பல, வீட்டில் நடந்த வியாபாரம்தான். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை அந்த லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்து, 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். எங்கள் ஒழுங்கைகளில் எது தங்கலாம், எது கூடாது என்பதை அதிகாரத்தின் கையில் மட்டும் விட்டுவிட்டால் அந்த அதிகாரம் எப்படித் திரும்பும் என்பதை அந்தக் காலை எங்களுக்குக் காட்டியது. கடைகளைப் பூட்டு, வெளியேற்று என்று கேட்கும் மடல் ஒன்றில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

அதோடு, வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை எடுத்துவிட்டால் வெள்ளவத்தையில் என்ன மிஞ்சும்? அதிகாலையில் இடியப்பம் பிழிந்து தட்டத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கும் அக்கா, சாரி பிளவுஸ் தைக்கும் அன்ரி, பின்னேரத்தில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர், வீணை வகுப்பு, கல்யாணப் பலகாரம், மேசையில் ஒரு கணினியோடு கணக்கு எழுதும் தம்பி. நான் முன்னே சொன்ன விலக்கு, வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய காரியம் என்பது, இவர்களை எவ்வளவு தூரம் காக்கும் என்று எவரும் எழுத்தில் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் இவர்கள் பயத்தோடு வாழ்கிறார்கள். ஒரு பரிசோதகர் கதவைத் தட்டினால் இடியப்பத் தட்டுகள் கட்டிலுக்கு அடியில் போகின்றன. பெரிய முதலுள்ளவருக்கு அந்தப் பயம் இல்லை. அவரிடம் சட்டத்தரணியும் கட்டடக் கலைஞரும் இருக்கிறார்கள். முதலில் கட்டிவிட்டுப் பிறகு கவரிங் அப்ரூவல் எடுக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

சட்டம் எழுத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் சின்னவரை மறைந்து வாழ வைக்கிறது, பெரியவருக்குப் பின்னால் வந்து முத்திரை குத்துகிறது. நான் உங்களிடம் கேட்பது இதைத் திருப்பிப் போடும்படி.

சின்ன உழைப்பைத் திறந்த மனதோடு அனுமதிப்பது ஒன்றும் அதிசயமான யோசனை அல்ல. ஜப்பானில் மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு வலயத்தில்கூட, வீட்டோடு சேர்ந்த சிறிய கடைக்கும் அலுவலகத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அது 50 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது, வீட்டின் பரப்பில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். தோக்கியோவின் ஒடுங்கிய தெருக்களில் வீட்டு வாசலிலேயே முடி வெட்டும் கடை இருப்பதும், ஆனால் பக்கத்து வீடு ஒரே இரவில் மண்டபமாகாததும் இப்படியான விதிகளால்தான். சிங்கப்பூரில் அரச மாடிவீடுகளில் டியூஷன், தையல், வீட்டுச் சமையல் போன்றவற்றைச் சிறு அளவில் செய்யலாம். வெளியாட்களை வேலைக்கு வைப்பதும் பெயர்ப்பலகை போடுவதும் வாகனங்களை வரவழைப்பதும் அந்த வீட்டை வீடாக இல்லாமல் செய்யும் என்பதால் அவற்றுக்குக் கட்டுப்பாடு. அளவை வைத்து அளக்கிறார்கள், ஆளை வைத்து அல்ல. எங்கள் மாநகர சபையும் இப்படி ஒரு பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிடட்டும்: வீட்டில் குடியிருப்பவரே செய்யும் தொழில், இத்தனை சதுர அடிக்குள், இந்த நேரத்துக்குள், அடுத்த வீட்டுக்குப் புகையோ சத்தமோ போகாமல். இதற்குள் அடங்குகிற எவரையும் எந்த அலுவலரும் தொந்தரவு செய்யக் கூடாது.

அந்த அளவைத் தாண்டியவற்றுக்கு வேறு வழி வேண்டும். விண்ணப்பம் வந்த அன்றே வீட்டு வாசலில் மூன்று மொழிகளிலும் பலகை ஒன்று தொங்க வேண்டும். இந்த வீட்டை இன்ன நோக்கத்துக்கு மாற்றக் கேட்கிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் இந்தத் திகதிக்குள் எழுதுங்கள் என்று அது சொல்ல வேண்டும். இரு பக்கத்து வீடுகளுக்கும் எதிர் வீட்டுக்கும் கடிதம் போக வேண்டும். அயலவர் வேண்டாம் என்றாலே நிராகரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அயலவரின் ஆட்சேபணைக்குப் பின்னால் சில நேரம் பொறாமை இருக்கும், இன வெறுப்பும் சாதி வெறுப்பும் கூட இருக்கும். அதைப் பிரித்தறிந்து, காரணத்தை எழுத்தில் வைத்து முடிவெடுங்கள். எங்களுக்குச் சொல்லாமல் முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் வேண்டுகோள். தகரக் குழாயை யன்னலுக்கு நேரே வைக்காமல் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள் என்று வேலை தொடங்குமுன் சொல்லியிருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும். இப்போது அது நீதிமன்றம் வரை போகும் விஷயமாகிவிட்டது.

கவரிங் அப்ரூவலைப் பற்றி நீங்கள் சபையில் வெளிப்படையாகப் பேச வேண்டும். தவறாகக் கட்டியதற்குக் கூடுதலாகக் கட்டணம் அறவிட்டு அனுமதி கொடுக்கும் முறை எப்போதாவது நடந்த தவறைத் திருத்துவதற்காக ஏற்பட்டது. வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் அதற்குப் பதிலாகக் காசு கட்டலாம் என்பதும் அப்படியே. கட்டிய காசு கணக்கில் சேர்ந்துவிடும், வாகனம் எங்கள் வாசலில் நிற்கும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒழுங்கையில் ஆட்கள் கூடும் மண்டபத்துக்கு எந்தக் கட்டணத்தின் பேரிலும் அனுமதி கொடுக்கக் கூடாது.

இதன் முடிவு எங்கே போகும் என்று சென்னை தியாகராய நகரைப் பார்த்தால் தெரியும். புடவைக்கும் நகைக்கும் போகும்போது இங்குள்ள எங்களில் பாதிப் பேர் ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறோம். 1999 பெப்ரவரிக்கு முன் விதி மீறிக் கட்டியவற்றை ஒரு தடவை மட்டும் வரன்முறைப்படுத்தலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பிறகு அந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப நீடிக்கப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. 2008 செப்டெம்பர் 1ஆம் திகதி அதே தெருவில் ஒரு பல மாடிக் கடையில் தீப்பிடித்தபோது இரண்டு ஊழியர்கள் இறந்துபோனார்கள். தீயணைப்பு வண்டிகள் அந்த நெரிசலுக்குள் வேலை செய்யப் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் எழுதின.

மறுபக்கத்து எச்சரிக்கையும் உண்டு. டெல்லியில் பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, 2006 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு ஒரேயடியாகச் சீல் வைக்கத் தொடங்கினார்கள். வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் செப்டெம்பரில் சீலம்பூரில் உயிர்களும் போயின. 2007இல் வந்த பெருந்திட்டம் பல தெருக்களைக் கலப்புப் பாவனைத் தெருக்களாக ஏற்றுக்கொண்டது. முதலிலேயே தெருத் தெருவாகப் பார்த்து, இது கடைத்தெரு, இது குடியிருப்பு, இதில் வீட்டோடு சேர்ந்த சிறிய கடை மட்டும் என்று எழுதியிருந்தால் அந்தத் துன்பம் தேவைப்பட்டிராது. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், மீரட் நகரில் குடியிருப்புக் காணியில் எழுந்த கடைகளை இடிக்கும் உத்தரவை உறுதி செய்தது. அதிகாரிகள் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள் என்பதால் சட்டவிரோதம் சட்டமாகிவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று இங்கே முதல் போட்டுக் கடை திறக்கும் இளைஞருக்கும் இது பொருந்தும். நோக்கமாற்ற அனுமதி இல்லாமல் வங்கிக் கடன் எடுத்து அலங்காரம் செய்த கடை, ஒரு நாள் 28அ அறிவித்தலோடு நின்றுபோகலாம். வியாபாரிகள் சங்கத்தவர்கள் இந்த மடலை எதிரியின் மடலாக எடுக்க வேண்டாம் என்று நான் கேட்பது இதனால்தான்.

தொடர்மாடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் தொண்ணூறுகளுக்குப் பிறகு எழுந்த மாடிகளில்தான் இப்போது பெரும்பாலானோர் வாழ்கிறோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பகுதி எதற்கென்று பிளானில் பதிந்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் நாள் வாடகை அறையாகவோ டியூட்டரியாகவோ மாறும்போது, லிஃப்ட்டின் முன் நாற்பது பேர் நிற்கும்போது, அது அந்த வீட்டுக்காரரின் சொந்த விஷயம் அல்ல. முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் பல இடங்களில் பெயரளவில் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழில் விளக்கக் கூட்டம் ஒன்றை உங்கள் வட்டாரத்தில் நடத்த முடியுமா?

சத்தத்துக்கு அளவு இருக்கிறது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், மாலை ஆறு மணிக்குப் பின் 50 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு ஜெனரேட்டரும் ஒரு புகையுறிஞ்சும் விசிறியும் இரவு பத்து மணிக்கு எவ்வளவு காட்டும் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். அளக்கும் கருவியோடு ஓர் அலுவலரை மாதம் ஒரு நாள் ஒழுங்கைகளுக்கு அனுப்புவது சபைக்குப் பெரிய செலவல்ல.

உங்களுக்கு எழுதும்போதே எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் வீட்டுக்காரர்களே, கூடிய வாடகை தருகிறார்கள் என்று கேட்டவருக்கு வீட்டைக் கொடுக்குமுன் என்ன நோக்கத்துக்கு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அனுமதி இல்லாத பாவனைக்கான அறிவித்தல் வீட்டு உரிமையாளரின் கதவையும் தட்டும். அயலவர்களே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் தமிழிலேயே கேட்கலாம்: இந்த இலக்க வீட்டுக்கு என்ன பாவனைக்கு அனுமதி இருக்கிறது, இணக்கச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களா, என்ன திகதியில்? 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பயந்து சிங்களத்தில் எழுத ஆள் தேடி அலைய வேண்டாம்.

உறுப்பினர்களே, உங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு வீதியும் ஒழுங்கையும் எந்த வலயத்தில் இருக்கிறது, அங்கே எது முடியும், எது முடியாது என்பதை ஒரு படமாகப் போட்டு வட்டார நூலகத்திலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் தேவாலய வாசலிலும் பள்ளிவாசல் முன்னும் தமிழில் ஒட்டுங்கள். நோக்கமாற்றத்துக்கு வரும் விண்ணப்பங்களின் பட்டியலை மாதந்தோறும் அதன் பக்கத்தில் போடுங்கள். பிறகு வெள்ளவத்தையில் ஒன்றும் கொட்டாஞ்சேனையில் ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள் வையுங்கள். திட்டமிடல் பிரிவு அலுவலர் ஒருவரும் தீயணைப்புப் படை அலுவலர் ஒருவரும் மேசையில் இருக்க வேண்டும். இடியப்பம் பிழியும் அக்காவும் களஞ்சியக்கார முதலாளியும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். வேலைக்குப் போவோரும் வரக்கூடியதாக மாலை ஆறு மணிக்குப் பிறகு வையுங்கள். திகதியைச் சொன்னால், ஒழுங்கைக்கு ஒழுங்கை போய் ஆட்களை அழைத்து வரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்